படையில் பணிபுரியும் தாய்மாரும் தாய்ப்பாலும்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் எந்தத் தாய்க்கும் தாய்ப்பால் ஒரு கவலைதான். தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ வேலை செய்பவர் வேலை முடிந்ததும் வீடு திரும்பிக் குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளலாம். இராணுவத்திலும் கடற்படையிலும் விமானப்படையிலும் இருக்கும் தாய்க்கு அந்த உறுதிகூடக் கிடையாது. காட்டில் பத்து நாள் பயிற்சி, கப்பலில் பல மாதப் பயணம், வெளிநாட்டுப் பணி என்று கட்டளை வந்தால் கிளம்ப வேண்டியதுதான்.

இந்தச் சிக்கலை வெளிப்படையாகப் பேசி, அதற்கு எழுத்தில் விதிகளும் வகுத்த நாடுகளில் அமெரிக்கா முக்கியமானது. அங்கே முழுநேரப் படையினரில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் பெண். அவர்களுக்கு இன்று இருக்கும் வசதிகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. நாற்பது ஐம்பது ஆண்டுகளாக, ஒவ்வொரு படைப்பிரிவிலும் ஒவ்வொரு நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வந்தவை. அந்த வரலாற்றைப் பார்த்தால், சீருடை அணிந்த தாய் பாலூட்டலைத் தொடர்வதும் கைவிடுவதும் அவருடைய மன உறுதியை மட்டும் பொறுத்தது அல்ல என்பது விளங்கும்.

பால் சுரப்பது எப்படி

தாய்ப்பால் குடத்தில் நிரப்பி வைத்த தண்ணீர் அல்ல. எடுக்க எடுக்க ஊறுவது. குழந்தை உறிஞ்சும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் வெளிவருகின்றன. புரோலாக்டின் பாலை உருவாக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் உருவான பாலை வெளியே தள்ளுகிறது. மார்பில் பால் நிறைந்து பல மணி நேரம் எடுக்கப்படாமல் இருந்தால், இவ்வளவு தேவையில்லை என்று உடல் கணக்கிட்டுக்கொள்ளும். சுரப்பு குறையும். சில நாள் அப்படியே போனால் வற்றத் தொடங்கிவிடும்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் சில மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லிலிட்டர் தேவைப்படும். ஆகவே பணியில் இருக்கும் தாய், குழந்தை பக்கத்தில் இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கையாலோ பம்ப் கருவியாலோ பாலை எடுத்தாக வேண்டும். எடுக்காமல் விட்டால் பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாகிக் காய்ச்சல் வரும். சீழ் பிடிக்கவும் கூடும். இறுக்கமான உடைகள் பால் குழாய்களை அழுத்தி அடைப்பை உண்டாக்கும் என்று மருத்துவர்கள் பொதுவாக எச்சரிப்பார்கள். படையில் அணிய வேண்டியதோ குண்டு துளைக்காத கவசம்.

மன அழுத்தம் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பதும் தெரிந்த செய்தி. அடுத்த அணிவகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம்தான் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பம்ப் வைப்பவருக்கு, மார்பில் பால் இருந்தும் வராமல் போகலாம். இதோடு உடல் எடை விவகாரமும் சேர்ந்துகொள்ளும். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 330 முதல் 400 கலோரி வரை கூடுதலாக உணவு வேண்டும். படையோ எடையையும் இடுப்பளவையும் அளந்து பார்க்கும் இடம். பிரசவம் முடிந்த சில மாதங்களிலேயே அளவுக்குள் வந்தாக வேண்டும் என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் அவர் களைத்துப்போவார்.

கர்ப்பம் என்றாலே வெளியேற்றம்

பாலூட்டும் வீராங்கனை என்ற பேச்சே அமெரிக்கப் படையில் ஒரு காலத்தில் எழ வழியில்லை. 1951இல் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த ஆணைப்படி, கர்ப்பமான பெண்ணையோ சிறு குழந்தையை வளர்க்கும் பொறுப்பில் உள்ள பெண்ணையோ படையிலிருந்து நீக்கலாம். தந்தையான ஆணுக்கு அப்படி ஒரு விதி இல்லை.

1970இல் வியட்நாமில் பணியாற்றிய விமானப்படைத் தாதி கேப்டன் சூசன் ஸ்ட்ரக் கர்ப்பமானார். கருவைக் கலைக்க வேண்டும், இல்லையேல் படையை விட்டு விலக வேண்டும் என்ற நிலை. கத்தோலிக்கரான அவர் கருக்கலைப்புக்கு இணங்கவில்லை. குழந்தையைப் பெற்றுத் தத்துக் கொடுத்துவிட்டுப் பணியைத் தொடர்வதாகச் சொல்லி வழக்குத் தொடுத்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் அப்போது அவருக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவர். 1972இல் உச்ச நீதிமன்றம் விசாரிப்பதற்கு முன்பே விமானப்படை தன் முடிவைக் கைவிட்டு அவரைப் பணியில் வைத்துக்கொண்டது. 1975இல் கட்டாய வெளியேற்றத்தைக் கைவிடும்படி பாதுகாப்பு அமைச்சு எல்லாப் படைகளுக்கும் உத்தரவிட்டது. மறு ஆண்டு, மரைன் படையின் பழைய விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

தாய்மார் படையில் நீடிக்கலாம் என்றானது. ஆனால் அந்தத் தாயின் குழந்தை என்ன குடிக்கும் என்பதற்கு விதிப்புத்தகத்தில் இடம் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

எல்லாவற்றிலும் பெரியது தேதி

பம்ப், தனியறை, குளிர்பதனப் பெட்டி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவற்றைவிட முக்கியமானது, பிரசவத்துக்குப் பின் எத்தனை மாதம் கழித்து அந்தத் தாயைத் தொலைதூரப் பணிக்கு அனுப்பலாம் என்ற தேதி. சிறு கணக்கு ஒன்று போட்டால் இது தெரியும். பத்து நாள் பயிற்சிக்குப் போகும் தாய் குழந்தைக்கு ஏழரை லிட்டர் பாலை முன்கூட்டியே உறையவைத்துவிட்டுப் போக வேண்டும். பல வாரம் சிரமப்பட்டால் இது முடியக்கூடியதே. ஆறு மாத வெளிநாட்டுப் பணி என்றால் 135 லிட்டர். அது எந்தத் தாயாலும் ஆகாது.

அமெரிக்கக் கடற்படை இதை முதலில் உணர்ந்தது. 2007இல் பிரசவித்த பெண்களைக் கடற்பணிக்கு அனுப்பாமல் ஒத்திவைக்கும் காலத்தை 4 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தியது. விமானப்படையில் 2015 வரை அது 6 மாதம். அந்த ஆண்டில் 12 மாதமானது. எண்ணிக்கையில் பெரிய படையான தரைப்படையோ 2022 ஏப்ரல் வரை 6 மாதத்திலேயே நின்றது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவுகளோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. குழந்தை கூழும் பழமும் சாப்பிடத் தொடங்கும் அதே மாதத்தில் தாயைப் பிரித்து அனுப்பிய விதி அது.

2022இல் வந்த தரைப்படை ஆணை வேறு சிலவற்றையும் மாற்றியது. பிரசவம் முடிந்து 365 நாள் வரை உடல் எடை அளவுகளிலிருந்தும் பதிவுக்குரிய உடற்தகுதித் தேர்விலிருந்தும் விலக்கு உண்டு. சாப்பாட்டைக் குறைத்தால் எடைக்கு நல்லது, சாப்பிட்டால் பாலுக்கு நல்லது என்று தாய் இழுபட்ட நிலைக்கு அது ஓரளவு முடிவு கட்டியது.

விடுப்பும் படிப்படியாகத்தான் வளர்ந்தது. 2015க்கு முன் பிரசவித்த வீராங்கனைக்கு 6 வாரம். அந்த ஆண்டு கடற்படைச் செயலாளர் ரே மேபஸ் தம் பொறுப்பிலிருந்த கடற்படைக்கும் மரைன் படைக்கும் 18 வாரம் அறிவித்தார். 2016 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் ஆஷ் கார்ட்டர் எல்லாப் படைகளுக்கும் பொதுவாக 12 வாரம் என்று நிர்ணயித்தார். மற்றப் பிரிவினருக்கு அது இரட்டிப்பு மகிழ்ச்சி. கடற்படைப் பெண்களுக்கோ கைக்கு வந்தது குறைந்தது. 2022 டிசம்பர் இறுதி முதல் தாய், தந்தை இருவருக்குமே 12 வாரப் பெற்றோர் விடுப்பு உண்டு. பிரசவித்த தாயின் உடல் தேறுவதற்கான விடுப்பு அதில் சேராது.

கழிவறை அல்லாத ஓர் அறை

தரைப்படைக்குப் பாலூட்டல் குறித்த முழுமையான விதி 2015 இறுதியில்தான் வந்தது. மற்றப் பிரிவுகளுக்கு அதற்கு முன்பே ஏதோ ஒரு வகையில் இருந்தது. பால் எடுக்கும் இடம் மற்றவர் பார்வையில் படாததாகவும் மின்வசதி உள்ளதாகவும் இருக்க வேண்டும். உட்கார இடமும், தரை அல்லாத ஒரு சமதளப் பரப்பும் வேண்டும். தூய தண்ணீர் பக்கத்தில் கிடைக்க வேண்டும். கழிவறையை இதற்கு ஒதுக்கக் கூடாது என்றது அந்த ஆணை. வெளியாள் படித்தால், இதையெல்லாமா எழுதி வைப்பார்கள் என்று தோன்றும். எழுதாதபோது பெண்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் காரணம் புரியும்.

அந்த ஆணையில் இன்னொரு வரி கவனத்துக்குரியது. களப்பயிற்சியின்போது பாலைக் குளிரில் வைக்கவோ வீட்டுக்கு அனுப்பவோ வழியில்லாத இடத்திலும், பாலை எடுத்துக் கொட்டிவிட அதே நேரமும் இடமும் அதிகாரி கொடுக்க வேண்டும். பால் வீணாகிறதே, பிறகு எதற்கு நேரம் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்கிறது. அன்றைய பால் போனாலும் சுரப்பு நிலைத்தால், பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும் குழந்தைக்குப் பால் இருக்கும். பால் சுரக்கும் விதம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்துதான் இந்த வரி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

2016 ஜனவரி அறிவிப்பில் கார்ட்டர், 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் படைக் கட்டடங்களில் தாய்மாருக்கான அறை இருக்க வேண்டும் என்றும் கூறினார். படையினரின் மருத்துவக் காப்பீடான டிரைகேர் 2015 முதல் பம்ப் கருவிக்கான செலவையும் ஏற்கிறது. அண்மை ஆண்டுகளில், தற்காலிகப் பணியாக வெளியூர் செல்லும் தாய் பாலை வீட்டுக்கு அனுப்பும் செலவைத் திரும்பப் பெறவும் வழி செய்யப்பட்டிருக்கிறது.

ஏட்டில் உள்ள விதி வேறு, முகாமில் நடப்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். நியாயமான நேரம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் நேரடி மேலதிகாரிதான் முடிவு செய்கிறார். தம் மனைவி பம்ப் வைத்துப் பட்ட பாட்டை வீட்டில் பார்த்தவருக்கு அது ஒரு கணக்கு. பார்க்காதவருக்கு வேறொரு கணக்கு. கடற்படையில் பணியாற்றிப் பின்னர் பாலூட்டல் ஆலோசகரான ராபின் ரோச் பால், படைத் தாய்மாருக்கென்றே 2010இல் ஒரு கையேடு எழுதினார். உரிமை இருப்பது பல பெண்களுக்கே தெரியாத நிலையில் அந்த நூல் பலருக்குக் கைகொடுத்தது.

சீருடையில் பாலூட்டிய படங்கள்

2012இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஃபேர்சைல்டு விமானத் தளத்தில், சீருடையில் குழந்தைக்குப் பால் கொடுத்த இரு பெண்களின் புகைப்படம் நாடெங்கும் பரவியது. சீருடையின் மதிப்புக்கு இழுக்கு என்றனர் ஒரு சாரார். பிள்ளை பெற்றவள் பால் கொடுக்கிறாள், இதில் இழுக்கு எங்கே வந்தது என்றனர் மற்றவர். 2015 செப்டம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பிலிஸ் முகாமில் பத்து வீராங்கனைகள் ஒன்றாக அமர்ந்து பாலூட்டிய படம் வெளியானது. அங்குப் புதிதாக அமைந்த பாலூட்டும் அறையில் மாட்டுவதற்காக எடுத்த படம் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுந்த அளவுக்கு இந்த முறை எதிர்ப்பு எழவில்லை.

இங்கே டாமி டக்வொர்த்தையும் குறிப்பிடலாம். ஈராக்கில் ஹெலிகாப்டர் ஓட்டியபோது 2004இல் இரு கால்களையும் இழந்தவர் அவர். 2018இல் செனட் உறுப்பினராக இருக்கும்போதே குழந்தை பெற்ற முதல் பெண் என்ற பெயர் பெற்றார். விமான நிலையங்களில் பால் எடுக்கக் கழிவறையைக் காட்டும் வழக்கத்தை எதிர்த்து அவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. பெரிய, நடுத்தர விமான நிலையங்களில் தாய்மாருக்குத் தனியிடம் இருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம்.

ஈயம், தடுப்பூசி, மலேரியா மாத்திரை

மற்ற வேலைகளில் அவ்வளவாக இல்லாத சில ஆபத்துகளும் படையில் உண்டு. துப்பாக்கி சுடும் இடத்தில் காற்றிலும் தூசியிலும் ஈயம் இருக்கும். அது உடலில் சேர்ந்தால் பாலிலும் கலக்கும். சுட்டுப் பயிற்சி செய்த நாளில் கை, முகம் கழுவி உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். பம்ப் கருவியை அந்த இடத்துக்குக் கொண்டு போகக் கூடாது. எரிபொருள், கரைப்பான், வண்ணப்பூச்சு ஆகியவற்றோடு வேலை செய்பவரும் படை மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும்.

பெரும்பாலான தடுப்பூசிகளால் பாலூட்டும் தாய்க்குத் தடையில்லை. விதிவிலக்கு, நோய்ப் பரவல் இல்லாத காலத்தில் முன்னெச்சரிக்கையாகப் படையினருக்குப் போடப்படும் பழைய வகைப் பெரியம்மைத் தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கும் கவனம் தேவை. மலேரியா உள்ள பகுதிக்குப் போகும் முன் கொடுக்கப்படும் மருந்துகளில் பிரைமாகுவின் குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு இல்லை என்று உறுதியான பிறகே பாலூட்டும் தாய்க்குத் தரப்படும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிறந்த உடனே தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தச் சோதனை செய்துவிடுவதால், இங்குள்ள பெற்றோருக்கு அந்தப் பெயர் புதிதல்ல. முடிவு குழந்தையின் மருத்துவப் புத்தகத்தில் இருக்கும்.

மற்ற நாடுகளும் நம் பக்கமும்

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியைப் பிடித்திருக்கிறது. பெண்களுக்கும் கட்டாயப் படைச்சேவை உள்ள இஸ்ரேல், தாய்மாருக்குக் கட்டாயச் சேவையிலிருந்தே விலக்கு அளிக்கிறது. இந்தியாவில் பெண் அதிகாரிகளுக்கு இருந்த 180 நாள் மகப்பேறு விடுப்பு, 2023 நவம்பரில் சாதாரண நிலைப் பெண் வீரர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரே படைக்குள் பதவியைப் பார்த்துப் பிள்ளைக்குப் பால் என்றிருந்தது அதுவரை.

சிங்கப்பூரில் தேசிய சேவை ஆண்களுக்கு மட்டுமே. பெண்கள் தாமாக விரும்பி முழுநேரப் பணியில் சேர்கின்றனர். 2015இல் அந்நாட்டுப் படையின் முதல் பெண் ஜெனரலாகப் பதவி உயர்வு பெற்ற கான் சியோ ஹுவாங் மூன்று பிள்ளைகளின் தாய். அங்குத் தகுதி பெறும் தாய்மாருக்கு அரசாங்கம் ஊதியம் தரும் மகப்பேறு விடுப்பு 16 வாரம். மலேசியாவில் வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி முதல் தனியார் துறைத் தாய்மாருக்கு 98 நாள் தந்தது. அந்தச் சட்டம் அரசாங்க ஊழியருக்கும் படையினருக்கும் பொருந்தாது. அவர்களுக்கு அரசாங்கச் சேவைச் சுற்றறிக்கைகளும் படை ஆணைகளும்தான் அளவுகோல். ஆகவே படையிலோ போலீசிலோ இருக்கும் மகளுக்காகவோ மருமகளுக்காகவோ விவரம் தேடுபவர்கள் பத்திரிகையில் வந்த வேலைச் சட்டச் செய்தியை நம்பிக் கணக்குப் போடாமல், அவருடைய பிரிவின் மனிதவள அலுவலகத்தைக் கேட்பதே சரி.

கட்டளைக்குக் கட்டுப்பட்ட வேலையும் பாலூட்டலும் மோதுவது நம்மவர்க்குப் புதிதல்ல. விடியுமுன் பிரட்டுக்குப் போன தோட்டத்துப் பாட்டிமார் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போனார்கள். இடையில் ஓடி வந்து பால் கொடுத்துவிட்டுப் போக முடிந்ததா என்பது மரநிரை எவ்வளவு தூரத்தில் இருந்தது, அன்றைய கங்காணி எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது. இன்றைய முகாமில் மேலதிகாரியைப் பொறுத்திருப்பது போலத்தான். அன்று ஐஸ் பெட்டியும் இல்லை, பம்பும் இல்லை.

எடுத்த பாலை வைத்திருக்கும் கணக்கு

படையில் இருப்பவருக்கு மட்டுமன்றி இரவு வேலைக்குப் போகும் தாதிக்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் உதவக்கூடியது இது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வழிகாட்டலின்படி, புதிதாக எடுத்த பால் 25 பாகை செல்சியஸ் வரையுள்ள அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊரில் காற்றாடி மட்டும் ஓடும் அறை பகலில் 30 பாகையைத் தாண்டிவிடுவதால், எடுத்த உடனே குளிரில் வைப்பதுதான் பாதுகாப்பு. உறைந்த ஐஸ் பொதிகள் வைத்த குளிர்காப்புப் பையில் 24 மணி நேரம் வரை கெடாது. குளிர்பதனப் பெட்டியில் 4 நாள். உறைபெட்டியில் 6 மாதத்துக்குள் பயன்படுத்துவது சிறப்பு, 12 மாதம் வரை ஏற்கத்தக்கது. பெட்டியின் கதவில் வைக்க வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் அங்கே வெப்பம் ஏறி இறங்கும்.

உறைந்த பாலை மைக்ரோவேவில் சூடாக்கினால் சில இடம் கொதித்துக் குழந்தையின் வாய் வெந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பையை வைத்து உருக்குங்கள். முழுதும் உருகிய பால் குளிர்பதனப் பெட்டியில் 24 மணி நேரம், வெளியே எடுத்தால் அதிகம் போனால் 2 மணி நேரம். மறுபடி உறையவைக்கக் கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பையிலும் எடுத்த தேதியை எழுதி, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் அடுக்கி வையுங்கள். தாய் முகாமில் இருக்கும் இரவில் பால் கொடுக்கப்போவது தந்தையோ பாட்டியோதான். எந்தப் பையை முதலில் எடுப்பது என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.